தீவுப் பறவைகளும் நமது ஜீவகாருண்யமும்

எலி, ஸ்டோட், பாஸம் ஆகிய வந்தேறி விலங்குகளை 2050-க்குள் தன் மண்ணிலிருந்து அடியோடு ஒழிப்பதென்று நியூசிலாந்து அரசு 2016-ல் அறிவித்தது. இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே இலக்கிய நண்பர்களில் பாதிப்பேர் முகம் சுளிக்கிறார்கள். ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரை நஞ்சிட்டுக் கொல்வதா, இயற்கை தன்னைத்தானே சமன்செய்துகொள்ளாதா என்கிறார்கள். கேட்பதற்கு இனிய வாதம்தான். ஆனால் அதில் இருப்பது கருணையைவிட மறதியே என்பது என் துணிபு.

மனிதன் காலடி வைக்கும்வரை அத்தீவுகளில் வௌவால்களைத் தவிர வேறு நிலப்பாலூட்டி இல்லை. பறவைகளுக்கு எதிரி வானிலிருந்து, கண்ணால் தேடி வந்தது. ஆகவே காகபோ என்னும் பறக்கவியலாத பெருங்கிளி ஆபத்தை உணர்ந்தால் அசையாமல் உறைந்து நிற்கும். கழுகின் கண்ணை ஏமாற்ற அது போதும். மோப்பம் பிடித்து வரும் ஸ்டோட்டிடம் அந்த உபாயம் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பற்றாக்குறைக்கு, காகபோவின் உடலிலிருந்து வீசும் நறுமணம் வேறு.

கீரி போல் மெலிந்து நீண்ட அந்த ஸ்டோட்டைக் கொண்டுவந்தது இயற்கை அல்ல. தாம் முன்பே இறக்குமதி செய்த முயல்கள் மேய்ச்சல் நிலத்தை அழிக்கின்றன என்று, பறவையியலாளரின் எச்சரிக்கையையும் மீறி, 1880களில் குடியேறிகள் அதை இறக்கினார்கள். விளைவைக் கண்ட ரிச்சர்ட் ஹென்றி, 1894 முதல் ரெசொல்யூஷன் தீவில் தங்கி, நூற்றுக்கணக்கான காகபோக்களையும் கிவிகளையும் படகில் கொண்டுபோய் அங்கே விட்டார். 1900-ல் ஸ்டோட் கடலை நீந்திக் கடந்து அத்தீவையும் அடைந்தது. ஒரு மனிதனின் வாழ்நாள் உழைப்பு அதோடு போயிற்று.

'இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்ற வாதமும் புதிதல்ல. 1964-ல் பிக் சௌத் கேப் தீவில் எலிகள் பெருகியபோது, எலியால் ஒரு பறவையினம் அழியும் என்பதை அன்றைய உயிரியலாளர் பலரே ஏற்கவில்லை. தயங்கிய காலத்துக்குள் ஒரு வௌவாலினமும், அத்தீவின் உள்ளான் வகையும், புதர்ச்சிட்டும் மறையும் நிலைக்கு வந்துவிட்டன. டான் மெர்ட்டனும் பிரையன் பெல்லும் உடனிருந்தோரும் 36 சேடில்பேக் பறவைகளை வேறு தீவுகளுக்கு மாற்றினார்கள். இன்றுள்ள தென்தீவு சேடில்பேக்குகள் யாவும் அந்த 36-ன் வழித்தோன்றல்களே.

1080 என்னும் நஞ்சு தரும் சாவு மென்மையானது என்று நான் சொல்லவரவில்லை. அந்த இரையைத் தின்று கேயா கிளிகளும் இறந்திருக்கின்றன. நாய்களுக்கு அது மிகக் கொடியது. இதைவிட நல்ல வழியைக் கேட்டுப் போராடுவது நியாயம். ஆனால் கையைக் கட்டிக்கொண்டிருப்பவர் தம்மைக் கொல்லாதவர் என்று எண்ணிக்கொள்வதுதான் எனக்கு விளங்கவில்லை. கூட்டுக்குள் உயிரோடு தின்னப்படும் கிவிக்குஞ்சின் வலி எந்தக் கணக்கில் சேரும்? அந்தப் பொந்துக்கு ஸ்டோட்டைக் கப்பலேற்றி அனுப்பியதும் மனிதக் கைதானே?

1995-ல் உலகில் எஞ்சியிருந்த காகபோக்கள் 51. கொன்றுண்ணிகளை அகற்றிய தீவுகளில் வைத்துக் காத்ததில் 2022-ல் எண்ணிக்கை 250-ஐத் தாண்டியது. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. 2023-ல் சிலவற்றைப் பெருந்தீவுக்கே கொண்டுவந்து, மாங்கடௌதாரி மலையைச் சுற்றி 47 கி.மீ. நீளத்துக்கு எழுப்பியிருந்த வேலிக்குள் விட்டார்கள். அவற்றில் சில வேலியையும் தாண்டிவிட, தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. வேலிக்கு வெளியே இன்னமும் ஸ்டோட்டுகள் இருக்கின்றன.