முழுசா வெளியே வந்தது யாரு?



இந்த ஜூன் 30 அன்றும் மேலவளவு போனோம். 1997இல் அதே நாளில்தான் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் சாதிவெறியர்கள் வெட்டிச் சாய்த்தார்கள். நினைவிடத்தில் மாலை வைத்து நிற்கும்போது யாரும் யாரிடமும் உன் மதம் என்னவென்று கேட்பதில்லை. திரும்பி வந்து, மேலூர் தாண்டி மாட்டுத்தாவணியில் இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்க ஆரம்பித்துவிடுகிறோம்.

இந்தத் தடவை ஆரம்பித்து வைத்தது ஒரு பொங்கப்பானை. பத்து வருஷத்துக்கு முன்னால் தம்மம் ஏற்ற தோழர் ஒருவர், திருமங்கலம் பக்கம். அவர் தங்கச்சிக்குக் கல்யாணம். புத்தர் படமும் அம்பேத்கர் படமும் வைத்து, பஞ்சசீலம் சொல்லி, ஐயர் இல்லாமல் நடந்தது. எல்லாம் சரி. ஆனால் முதல் நாள் சாயங்காலம் அவர் அம்மா கண்மாய்க்கரைக் கருப்புக்குப் பொங்கல் வைத்துச் சேவல் அறுத்துவிட்டு வந்திருக்கிறார். விஷயம் வெளியே தெரிந்துபோச்சு. "ஒரு கால உள்ள வச்சுக்கிட்டு ஒரு கால வெளிய வச்சா அதுக்குப் பேரு வெளியேற்றமாய்யா?" என்று ஒருவர் ஆரம்பித்தார். சி.எஸ்.ஐ. நண்பர் சிரித்தார். சிரித்தவர் மேல் இன்னொருவர் பாய்ந்தார்: "நீங்க மட்டும் என்னவாம்? சர்டிபிகேட்ல இன்னைக்கும் இந்துதானே?" இராமநாதபுரம் சீமையில் 1981 வாக்கில் இஸ்லாத்துக்குப் போன குடும்பத்துப் பிள்ளை ஒருவர் எங்களோடு வருவார். "எங்களப் பாருங்கப்பா, ஒரே நாள்ல முடிச்சோம்" என்றார். "முடிச்சீங்க சரி, பொண்ணு எங்க எடுத்தீங்க பாய்?" என்று கேட்டார் பெரியார் கட்சித் தோழர். சத்தம் கூடிப்போய் டீ மாஸ்டர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, சீட்டுப் பணப் பிரச்சனையா?" என்றார்.

ஏறக்குறைய அதுதான். யார் எவ்வளவு கட்டினது, யார் முதலில் எடுத்தது என்பதுதான் எங்கள் சண்டையும்.

இந்து மதத்தைவிட்டு வெளியே வந்தவர்கள் நாங்கள். அந்த ஒன்றைத் தவிர எங்களுக்குள் பொதுவாக எதுவும் இல்லையோ என்று சில ராத்திரி தோன்றும். தாலி கட்டலாமா, சாவுக்குப் பறை அடிக்கலாமா, தீபாவளிக்குப் பிள்ளைக்குச் சட்டை எடுக்கலாமா, செத்துப்போன தாத்தாவுக்குப் படையல் போடலாமா என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்சி, ஒரு எதிர்க்கட்சி. பேருக்கும்தான். நான் பேங்க் குமாஸ்தா. கவுன்ட்டரில் உட்கார்ந்து பார்த்தால் இந்த விவகாரம் வேற மாதிரி தெரியும். ஒரு கிழவி வருவார். ஆதாரில் பைபிள் பேரு, பாஸ்புக்கில் குலசாமி பேரு, நூறுநாள் வேலை அட்டையில் இரண்டும் கலந்து எழுத்துப்பிழையோடு மூணாவது பேரு. சம்பளம் ஏறாமல் நிற்கும். "எது உங்க பேரு பாட்டி?" என்றால், "எல்லாம் ஏம்பேருதான் சாமி, நீ எதுல காசு வருமோ அதப் போட்டுக்க" என்பார். 2000களின் தொடக்கத்தில் தொல். திருமாவளவன் இந்து அடையாளப் பேர்களைக் களைந்து தமிழ்ப் பேர் சூட்டும் இயக்கம் நடத்தினார். தன் அப்பா இராமசாமியின் பேரையே தொல்காப்பியன் என்று மாற்றிக்காட்டினார். அது பெரிய காரியம். ஆனால் கெஜட்டில் பேர் மாற்ற அலையவும் செலவழிக்கவும் அந்தப் பாட்டியால் முடியாது. தமிழ்ப் பேரா, பாலிப் பேரா, அரபுப் பேரா, பைபிள் பேரா என்று நாம் டீக்கடையில் அடித்துக்கொள்ளும்போது அவர் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்.

சண்டை புதுசும் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இலங்கை போய்ப் பௌத்தம் தழுவி வந்தார். தீபாவளியையும் கார்த்திகைத் தீபத்தையும் அவர் தூக்கி எறியவில்லை. இதெல்லாம் நம்மிடமிருந்து திருடின பௌத்தப் பண்டிகை என்று சொல்லித் திரும்பக் கேட்டார். அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் 22 உறுதிமொழி எடுக்கச் சொன்னார். அதில் சிரார்த்தமும் கிடையாது, பிண்டமும் கிடையாது. இரண்டு பேரும் பௌத்தர்கள்தான். 1935இல் அண்ணல் மதம் மாறப்போவதாக அறிவித்தபோது இரட்டைமலை சீனிவாசன், நாம் இந்துவாக இருந்தால்தானே வெளியேற என்றார். எம்.சி. ராஜா மாறவே கூடாது என்றார். 1954இல் ரங்கூனில் அண்ணல் கூப்பிட்டபோது, உள்ளே இருந்தால்தான் இந்து மதத்தைத் திட்ட முடியும் என்று தான் மறுத்துவிட்டதாகப் பெரியார் பிறகு சொன்னார். எங்கள் பெரியார் கட்சித் தோழர் இன்றைக்கும் இதைச் சொல்லித்தான் தப்பிக்கிறார். ஆக, யாரும் யாரையும் பார்த்து நீ துரோகி என்று சொல்ல இந்த வரலாற்றில் இடமில்லை. சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

போன வருஷம் நடந்த ஒரு பேச்சை இங்கே எழுதியாக வேண்டும். பரிசுத்த வெளியேற்றம் பற்றி நம் தோழர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். சிறுதெய்வமும் பெருந்தெய்வமும் ஒன்றுதான், கருப்பும் காளியும் வீரனும் பார்ப்பனியத்தின் கொல்லைப்புற வாசல் என்பது அவர் வாதம். மேலவாசல் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வந்திருந்த அருந்ததியர் தோழர் கடைசிவரை பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து, "சிவனையும் விஷ்ணுவையும் விடச் சொல்லுங்க, இப்பவே விடுறேன், அவய்ங்க எப்ப எங்க வீட்டுக்கு வந்தாய்ங்க? மதுரைவீரன் எங்க ஆளு. செருப்புத் தைக்கிற வீட்ல வளந்தவன். பொம்மியத் தூக்கிட்டு வந்தவன். மாறுகால் மாறுகை வாங்குனானுங்க. செத்தப்புறம் மீனாட்சி கோயில் கிழக்கு வாசல்ல, வாசலுக்கு வெளிய நிக்க வச்சிருக்கானுங்க. அவனே வெளியதான் நிக்கிறான். அவன விட்டுட்டு நான் எந்த வெளிய போறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் கக்கன் முதலானவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போன அதே கோயில். அந்த ஆலயப் பிரவேசத்தைப் பற்றி நாம் எத்தனை கூட்டம் போட்டு விமர்சித்திருக்கிறோம். வாசலில் நிற்கிறவனைப் பற்றி ஒரு கூட்டம் போட்டதில்லை. (நாக்பூர் நடந்த அதே 1956இல்தான் எம்.ஜி.ஆர். நடித்த 'மதுரை வீரன்' வந்தது. அதிலும் வீரனைப் பிறப்பால் அரசகுமாரனாக வைத்துக்கொண்டார்கள். நம் ஆள் வீரனாக இருந்தால் எங்கிருந்தாவது ஒரு ராஜா அப்பனாக வந்துவிடுவான்.) வீரன் விஷயத்தில் அந்தத் தோழர் சொன்னது முழுக்கச் சரியென்று நான் சொல்ல வரவில்லை. குலசாமிக் கும்பிடுக்குள் எவ்வளவு சாதி இருக்கிறது, பெண்டுகளை எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். ஆனால் பறையர் சபையில் பறையர் படித்த புத்தகத்தை வைத்து அருந்ததியரின் சாமியை விசாரித்தோம். விசாரணைக்கு முன்னால் அவரிடம் ஒரு வாய்த் தண்ணிகூடக் கேட்கவில்லை.

'முழுசா வந்துட்டியா?' என்ற கேள்வியை முதலில் கேட்டது நாம் இல்லை, சர்க்கார். 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத்துக்கும் இஸ்லாத்துக்கும் போன தலித்துக்கு இன்றைக்கும் கதவு சாத்தியிருக்கிறது. சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007லேயே சொன்னது. 2022இல் பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. புதுச்சேரிப் பெண், மேல்நிலை எழுத்தர் வேலைக்கு மனுப் போட்டவர், என்னைப் போல ஒரு குமாஸ்தா. குழந்தையிலேயே ஞானஸ்நானம், சர்ச்சுக்கும் போகிறார், தன்னை இந்து என்கிறார். சான்றிதழ் கிடையாது என்றுவிட்டார்கள். மனசில் நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மதம் சொல்வது அரசமைப்பையே மோசடி செய்வது என்றார்கள். ஒருத்தியின் நம்பிக்கை எத்தனை பங்கு என்று கோர்ட்டு நிறுத்துப் பார்க்கிறது. திருமங்கலத்து அம்மாவின் பானையை வைத்து டீக்கடையில் நாம் பார்த்ததும் அதே தராசில்தானே?

இதில் எனக்குள்ள சௌகரியத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் தம்மம் ஏற்றவன். 1990 திருத்தத்தால் என் சான்றிதழ் பத்திரம், வேலை பத்திரம், ஒரு பைசா நஷ்டமில்லாமல் வெளியே வந்தவன். சி.எஸ்.ஐ. நண்பர் அப்படி இல்லை. உள்ளதைச் சொன்னால் அவர் பிற்படுத்தப்பட்டோர். சேரியில் அவர் வீட்டை எரித்தால் வன்கொடுமைச் சட்டம் வராது. முருகேசன் நின்ற மாதிரி ஒரு தனித் தொகுதியில் அவர் நிற்கவே முடியாது. மேலவளவில் என் பக்கத்தில் நின்று முழக்கம் போட்டவர் அவர். 'சர்டிபிகேட்ல இந்துதானே' என்று அவரைக் குத்தியது யாரென்று பார்த்தால், என்னைப் போலவே பத்திரமாக வெளியே வந்த இன்னொரு பௌத்தர். வெளியேற்றத்தில் சுத்தம் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் செலவில்லாமல் வெளியே வந்தவர்களாகத்தான் இருக்கிறோம்.

போன இடத்திலும் யாரும் கம்பளம் விரித்துக் காத்திருக்கவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவனுக்கும் செத்தவனுக்கும் நடுவில் சுவர். தென்காசி மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரி 19 அன்று சுமார் 180 குடும்பங்கள் போனதும் டெல்லியே ஆடியது. எல்லாரும் போய்விடவில்லை, ஒரே வீட்டில் அண்ணன் பள்ளிவாசலுக்கும் தம்பி கோயிலுக்கும் போன கதை உண்டு. எங்கள் இராமநாதபுரத்துப் பாய்க்குத் தொழுகையில் தோளோடு தோள் நிற்கிறார்கள். பெண் கேட்டுப் போனால் மட்டும் பூர்வீகம் விசாரிக்கிறார்கள். அவர் அதை எங்களிடம் ஒரு வருஷமாகச் சொல்லவில்லை, சொன்னால் 'அப்பவே சொன்னோம்ல' என்போம் என்று பயம். கன்னியர் மடத்துக்குள் போய் அதையும்விட்டு வெளியே வந்த பாமா, 'கருக்கு'வில் உள்ளதை எழுதினார். 1992இல் அதைப் புத்தகமாகப் போட்டது இதே மதுரையில் இயேசு சபையார் நடத்திய ஆய்வு மையம். அவரை மறுபடி இந்துவாகிவிட்டாரா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு தரம் வெளியே வந்தவருக்கு உள்ள மரியாதை அது. நம் சபையில் அப்படி ஒருத்தி பேசியிருந்தால் என்ன கேட்டிருப்போம்?

கடைசியாக என் வீட்டு விஷயம். என் கல்யாணத்தில் தாலி இல்லை. அதைப் பற்றிக் கவிதை எழுதினேன், இந்த இதழிலேயே வந்தது, பாராட்டினீர்கள். நாலு வருஷம் கழித்து ஒருநாள் என் மனைவியின் கைப்பையில் சில்லறை தேடினேன். சின்னப் பர்சுக்குள் ஒரு மஞ்சக்கயிறு. "ஊருக்குப் போகையில பஸ்ஸவிட்டு எறங்குனதும் போட்டுக்குவேன், திரும்புறப்ப கழட்டிருவேன்" என்றாள். வெறுங்கழுத்தோடு போனால் விதவையா என்று அவள் ஊர்ப் பெண்டுகள் கேட்கிறார்களாம், சாவு வீட்டில் ஒரு பார்வை, வளைகாப்பு வீட்டில் இன்னொரு பார்வை. "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றேன். "நீங்க கட்டாம விட்டப்ப எங்கிட்ட கேட்டீங்களா?" என்றாள். பதில் இல்லை. தாலி வேண்டாம் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. அவளுக்கும் பெரிசாக இல்லை. ஆனால் அந்தப் புரட்சியைச் சுமந்து பஸ்ஸில் போனது அவள், கவிதை எழுதினது நான்.

திருமங்கலத்து அம்மாவையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. மகன் தம்மம் ஏற்றபோது வீட்டுச் சுவரிலிருந்த படங்களை அவர்தான் கழற்றியிருக்கிறார். எதற்குக் கருப்புக்குப் பொங்கல் வைத்தார், பயத்திலா, பாசத்திலா, பழக்கத்திலா, மகன் மேல் கோபத்திலா? ஒரு மணி நேரம் சண்டை போட்ட ஆறு ஆம்பளைகளில் யாருக்கும் தெரியாது.

விவாதத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் இந்த இதழையும் நிறுத்த வேண்டியதுதான். தாலி, படையல், பறை, பேரு எல்லாவற்றையும் பேசுவோம், காரசாரமாகவே பேசுவோம். 'நீ முழுசா வந்துட்டியா' என்ற கேள்வியை மட்டும் தாசில்தார் ஆபீசிலேயே விட்டுவிட்டு வருவோம். அது என் வேண்டுகோள். ஆசிரியர் குழுவில் இரண்டு பேர் இதற்கு உடன்படவில்லை. அவர்கள் மறுப்பை அடுத்த இதழில் வெட்டாமல் போடுவோம்.

அடுத்த கூட்டம் டீக்கடையில் இல்லை, மேலவாசல் குடியிருப்பில். அன்றைக்கு எழுந்து போன தோழர் வீட்டுத் திண்ணையில்தான், அவரே ஒத்துக்கொண்டார். அருந்ததியர் தோழர்களும் பெண்களும் முதலில் பேசுவார்கள், மற்றவர்கள் பிறகு. எழுத நினைக்கிறவர்கள் எந்தப் பேரில் வேண்டுமானாலும் எழுதலாம், அத்தாட்சி கேட்க மாட்டோம். திருமங்கலத்து அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறோம். ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் வருகிறேன் என்றிருக்கிறார்.