விதைக்கு முன்னால ஒரு பிடி மண்

போன ஆவணியில், மக்காச்சோளம் விதைக்கிறதுக்கு முன்னால, எங்க கரிசல் காட்டில் மண் மாதிரி எடுத்துக்கிட்டு இருந்தேன். பத்து இடத்தில் குழி போட்டு, மண்ணைக் கலந்து, கடைசியில் அரைக் கிலோவைப் பையில் கட்டி ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கணும். அப்பதான் வேப்பலோடையில் இருந்து அக்கா மகன் பைக்கில் வந்து இறங்கினான். பி.எஸ்சி. வேதியியல், மூன்றாம் வருஷம்.

"மாமா, அடுத்து என்ன படிக்க?"

"போலீஸ் செலக்‌ஷனுக்குப் போ. இல்லைன்னா பேங்க் பரீட்சை எழுது. எதுவும் ஒத்து வரலைன்னா பி.எட். இருக்குல்லா."

சொல்லிட்டுக் குனிஞ்சு மண்ணைப் பார்த்தேன். சுருக்குன்னு ஆயிட்டு. நாலு ஏக்கருக்குப் பத்துக் குழி தோண்டுறவன், ஒரு பையனோட வாழ்க்கைக்கு அரை நிமிஷத்தில் பதில் சொல்லிட்டேன். எனக்குத் தெரிஞ்சது அந்த மூணுதான்.

"காலேஜ்ல யார்கிட்டயும் கேட்டியாலே?"

"கடைசி செமஸ்டர்ல கம்பெனிக்காரங்க ஆள் எடுக்க வருவாங்க மாமா. அதுக்கு முன்னால யாரு கேக்கா?"

அக்கா இருபது வருஷமா உப்பளத்தில் உப்பு சுமக்கிறாள். கடல் தண்ணி 3 டிகிரி அடர்த்திதான். வெயிலில் காயக் காய ஏறி, 25 டிகிரி வாக்கில் உப்பு விளையும். அதுக்கு முன்னாலேயே ஜிப்சம் படிஞ்சிரும். 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மெக்னீசியம் உப்பும் சேர்ந்து கசக்கும். அதனால மிச்சத் தண்ணியைத் திறந்து விடுவாங்க. இது முழுக்க வேதியியல். அயோடின் சேர்த்த உப்பில் அளவு சரியா இருக்கான்னு பார்க்கவும் வேதியியல் படிச்ச ஆள் வேணும். குஜராத்தில் பாவ்நகர்ல உப்பு ஆராய்ச்சிக்குன்னே மத்திய அரசு நிறுவனம் 1954-ல் இருந்து இருக்கு. டிகிரி பார்க்கிற உப்பளத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்து, டிகிரியும் படிக்கிற பையனுக்கு இதை ஒருத்தரும் சொல்லலை.

அக்காகிட்ட இதைச் சொன்னேன். "என் மவனையும் உப்பளத்துக்கே போகச் சொல்லுதியா தம்பி?"ன்னு கோபப்பட்டாள். அவள் கோபம் நியாயம்தான். அந்த வெயில் அவனுக்கு வேண்டாம்னுதானே படிக்க வச்சாள்? நானும் அவனை உப்பளத்துக்குப் போகச் சொல்லலை. வேண்டாம்னு சொல்றதா இருந்தாலும் பார்த்துட்டுச் சொல்லட்டும்ங்கிறேன்.

அரசு ஒண்ணும் செய்யலைன்னு சொல்ல மாட்டேன். 2022 மார்ச் 1-ல் தொடங்கின 'நான் முதல்வன்' திட்டத்தோட இலக்கு, வருஷத்துக்கு 10 லட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி. பிளஸ் டூ முடிச்ச பிள்ளைகளுக்குக் 'கல்லூரிக் கனவு' நடத்துறாங்க. எங்க காலத்தில் இதெல்லாம் ஏது? ஆனா பயிற்சி கொடுக்கிறது வேற, பக்கத்தில் உட்கார்ந்து "உனக்கு எது பிடிக்கு, எது வரல"ன்னு கேக்கிறது வேற. கல்லூரிக்குள்ள முதல் வருஷத்திலேயே அப்படிக் கேக்க ஒரு வாத்தியார் வேணும். லீவுல பதினைஞ்சு நாள் ஏதாவது ஒரு வேலை இடத்தில் நிக்க வைக்கணும்.

எங்க கடற்கரைக்கு இது புதுசு இல்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், எடுத்த எடுப்பில் யாரும் கடலில் குதிக்கலை. முதல்ல கடலுக்கடியில் இருக்கிற பாரைச் சோதிப்பாங்க. மாதிரிக்குச் சிப்பி எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைக்கிற முத்தை மதிப்புப் போடுவாங்க. தேறினால்தான் குளிப்பு. சிப்பி இளசுன்னா விட்டுருவாங்க. 1961-க்குப் பிறகு இங்க முத்துக்குளிப்பே இல்லை. அந்தப் புத்தியும் அதோட போயிட்டோ என்னவோ! சிப்பிக்கும் மண்ணுக்கும் மாதிரி பார்த்த ஊரில், பிள்ளைகளை மட்டும் கண்ணைக் கட்டி இறக்குறோம்.

மருமகன் இன்னும் எதையும் முடிவு பண்ணலை. ஆனா போன வாரம் அடர்த்தி பார்க்கிற கண்ணாடிக் குழாயைக் கடன் வாங்கிட்டு, அக்கா வேலை பார்க்கிற பாத்திக்கே போயிருக்கான். ராத்திரி அரை மணி நேரம் போன்ல அதையே பேசினான். போலீஸ் செலக்‌ஷன் பத்தி ஒரு நாளும் அவன் இப்படிப் பேசினதில்லை.

சென்னையிலயும் பெங்களூர்லயும் இருந்து இதைப் படிக்கிறவங்ககிட்ட ஒண்ணு கேக்கேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது, கல்லூரியில் படிக்கிற ஒரு பிள்ளைகிட்ட உங்க வேலையைப் பத்திப் பேசுங்க. சம்பளத்தை அப்புறம் சொல்லுங்க. காலையில் ஆபீஸ் போனா சாயங்காலம் வரைக்கும் என்ன செய்றீங்கன்னு முதல்ல சொல்லுங்க. எங்களுக்கு அதுதான் தெரியாது.