பம்ப் பிடித்தால் விட ஏலாதா?

சென்ற மாதம் முந்தலில், புத்தளம் வீதியோரத்து மருந்துக்கடையொன்றில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி பெயரெழுதாத தாள் உறையொன்றில் பத்துக் குளிசைகள் வாங்கிக்கொண்டார். இழுப்புக்காம். கிளினிக்கில் கொடுத்த பம்ப் என்னவாயிற்று என்று கேட்டேன்.

"அது ஸ்டீரொய்டாமே தம்பி. பழகினா பிறகு விட ஏலாது."

உறையிலிருந்தது என்னவென்று கடைக்காரரிடம் வினவினேன். பிரெட்னிசொலோன், 5 மில்லிகிராம் என்றார். அதுவும் ஸ்டீரொய்ட்தான்! மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்து என்பது வேறு விடயம்.

பெக்லோமெதசோன் பம்பை ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலும் 100 அல்லது 250 மைக்ரோகிராம் மருந்தே வெளிவரும். அந்தக் குளிசை ஒன்றில் இருப்பது 5,000 மைக்ரோகிராம். இரண்டும் வெவ்வேறு மருந்துகள், வீரியமும் வேறு. ஆயினும் பம்பின் மருந்து பெரும்பாலும் சுவாசக் குழாயோடு நின்றுவிட, குளிசையோ இரத்தத்தில் கலந்து எலும்பு, கண், நீரிழிவு என உடலெங்கும் கைவைக்கிறது. நீண்டநாள் விழுங்கினால் அதிரனல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடும். திடீரென நிறுத்துவது உயிராபத்து. 'விட ஏலாது' என்ற சொல் உண்மையில் குளிசைக்கே பொருந்தும். 1950இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த கோர்ட்டிசோனின் பக்கவிளைவுகளைக் கண்டு அஞ்சியே மருத்துவ உலகம் மூச்சோடு இழுக்கும் வடிவத்தைத் தேடியது. பெக்லோமெதசோன் 1972இல் வந்தது. அச்சத்துக்கு விடையாக வந்த மருந்தையே நம்மவர்கள் அஞ்சுகிறார்கள்.

நமது சுவாசக் குழாயின் உட்சுவரில் நுண்ணிய பிசிர்கள் அடர்ந்துள்ளன. வினாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, தூசு ஒட்டிய சீதத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. ஆஸ்துமாவில் அழற்சியால் அந்த மேலணி உரிகிறது. சீதம் சுரக்கும் கலங்கள் பெருகுகின்றன. கெட்டியான சளி குழாயை அடைக்கிறது. சல்பியூட்டமோல் குழாயைச் சுற்றியுள்ள தசையை நிமிடங்களில் தளர்த்தும், அழற்சியைத் தொடாது. ஸ்டீரொய்ட் கலத்துக்குள் சென்று, கருவிலுள்ள மரபணுக்களின் வேலையை மாற்றி அழற்சியை அடக்குகிறது. சுவர் ஆறினால்தான் பிசிர்களும் தேறும். இதற்கு நாட்கள், சிலவேளை வாரங்கள் ஆகும். இழுத்தவுடன் சுகம் தெரியாததால் அலுமாரியில் போட்டுவிடுகிறோம். சல்பியூட்டமோலை மட்டும் நம்பியிருக்க வேண்டாமென்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டிக் குழுவான ஜீனா 2019இலேயே அறிவுறுத்திவிட்டது.

புகைத்துப் புகைத்துப் பழுதான நுரையீரலின் கதை வேறு. அங்கே இம்மருந்தின் பயன் குறைவு, நியூமோனியா அபாயமும் கூடும்.

பெண்களிடம் மருத்துவர்கள் கேட்க மறக்கும் கேள்வியொன்றும் உண்டு. சிறுவயதில் ஆண்பிள்ளைகளுக்கே ஆஸ்துமா அதிகம். பருவமடைந்த பின் பெண்களுக்கே அதிகம். மாதவிடாயை ஒட்டி இழுப்பு கூடுவதாகப் பலர் சொல்வது கற்பனையன்று. புரொஜெஸ்தரோனும் ஸ்டீரொய்ட் ஓமோன்தான். ஆய்வுகூடத்தில் வளர்த்த சுவாசக் கலங்களில் அது பிசிர்களின் வேகத்தைக் குறைத்தது, ஈஸ்திரஜன் அதைத் தடுத்தது. விறகடுப்புப் புகையில் நிற்பவரும் இதே பெண்தான். களப்புக்கு அப்பால் நுரைச்சோலையில் 900 மெகாவொற் நிலக்கரி அனல்மின் நிலையம். அதன் தூசு, சாம்பல் பற்றி அயலவர் முறையிட்டு ஓயவில்லை. காற்றைச் சுத்தம் செய்யாமல் பம்பை மட்டும் கொடுப்பது அரைவேலை என்பதே என் எண்ணம். அதற்காக அந்த அரைவேலையையும் கைவிடச் சொல்ல மாட்டேன்.

எத்தனை நாளாக விழுங்குகிறீர்கள் என்று மூதாட்டியிடம் கேட்டேன். நோன்புப் பெருநாளுக்கு முன்னிருந்தே என்றார். திடீரென நிறுத்த வேண்டாம், உறையோடு கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள், பம்ப் இழுத்தபின் வாயைக் கொப்பளியுங்கள் என்றேன். வெற்று உறையைக் காட்டி என்ன பயன்? மருந்தின் பெயரையும் அளவையும் என் பேனாவால் அதன்மேல் எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.