மண்ணுக்கு மூச்சு கொடுங்கள்

மாசடைந்த நிலங்களுக்கென்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. நாட்டில் 103 இடங்கள் மாசடைந்து கிடப்பதாக அரசே அடையாளம் கண்டிருக்கிறது. சீரமைப்பு தொடங்கியதோ ஏழே இடங்களில். இந்த நிலையில் வந்த விதிகள், முதற்கட்ட ஆய்வுக்கு 90 நாள், விரிவான ஆய்வுக்கு மேலும் மூன்று மாதம் என்று கெடு வைக்கின்றன. மண்ணைச் சுத்தம் செய்து முடிக்க மட்டும் கெடு இல்லை.

தண்டையார்பேட்டை மக்களுக்கு இதன் பொருள் நன்றாகப் புரியும். பூமிக்கடியில் எண்ணெய்க் குழாய் கசிந்து, 2013-ல் அங்கே போர் தண்ணீரில் எரிபொருள் வாடை அடித்தது. கசிந்த குழாயை மாற்றிவிடலாம். எண்ணெய் குடித்த மண்ணை?

தோண்டி, லாரியில் ஏற்றி, வேறோர் இடத்தில் கொட்டுவதுதான் நம் ஒப்பந்ததாரர்களுக்குத் தெரிந்த வழி. அதில் மாசு அழிவதில்லை, முகவரிதான் மாறுகிறது.

எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலேயே இருக்கின்றன. டீசலில் உள்ள கரிமம் அவற்றுக்கு உணவு. ஆனால் வண்டிப் பட்டறை வாசல் மண்ணில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். உள்ளே இறங்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். அந்த மண்ணுக்குள் ஈரமும் காற்றும் போக வழியில்லை. கரிமம் மிதமிஞ்சிக் கிடக்க, தழைச்சத்தும் மணிச்சத்தும் பற்றாக்குறை. கரிமம் 100 பங்கு என்றால் தழைச்சத்து 10, மணிச்சத்து 1 என்பது பொதுவான கணக்கு. அந்த அளவுக்கு உரமிட்டு, ஈரம் காத்து, அவ்வப்போது மண்ணைப் புரட்டிவிட வேண்டும். எருக்குழி வைத்திருக்கும் எந்த விவசாயிக்கும் இந்த வேலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஹில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 1985-ல் அங்கே சுமார் ஒரு லட்சம் லிட்டர் விமான எரிபொருள் மண்ணில் கொட்டியது. ஆவியை உறிஞ்சி எடுக்கக் குழாய் இறக்கினார்கள். வெளிவந்த காற்றில் ஆக்ஸிஜன் குறைந்து, கரியமில வாயு கூடியிருந்தது. உள்ளே நுண்ணுயிர்கள் எரிபொருளைத் தின்றுகொண்டிருந்தன! உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து, அவற்றுக்குத் தேவையான காற்று மட்டும் போகும்படி செய்தார்கள். 1990-களில் அமெரிக்க விமானப்படை இதே முறையை நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் சோதித்தது. போர் விமானம் ஓட்டும் படைக்கே காற்றுக் குழாய் போதுமானதாக இருந்தது. நம் எண்ணெய்க் கிடங்குகளுக்கு ஏன் போதாது?

"நாளாகும், தார் போன்ற கனமான எண்ணெயில் எடுபடாது" என்பார்கள் பொறியாளர்கள். பத்தாண்டுகள் கையைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு நாளாகும் என்பது வாதமல்ல, சாக்கு. 2017-ல் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதிக் கொட்டிய கனமான எண்ணெயை வாளிகளில் அள்ளினோம். அப்படி அள்ளிய கசடையே நுண்ணுயிர்களைக் கொண்டுதான் மட்கவைத்தார்கள். செய்து பார்த்த வேலையை முடியாது என்பதற்கு என்ன பெயர்?

அதைவிடக் கொடுமை, கடலில் கலக்கும் எண்ணெய் மாசுக்குப் புதிய விதிகளில் விலக்கு. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, எண்ணூர் அலையாத்தி மரங்களில் கறுப்பாக அப்பியது. முகத்துவாரச் சேறு கடலா, நிலமா? இந்தக் கேள்வி நீதிமன்றத்தில் இழுபடும் வரை காட்டுக்குப்பம் மீனவர் வலையை எங்கே விரிப்பார்?

எரிபொருள் கசிந்த நிலத்துக்கு உயிரியல் சிகிச்சையே முதல் வழி என்று விதியில் எழுத வேண்டும். முடிக்க இரண்டாண்டு கெடு வைக்க வேண்டும். தோண்டிக் கொட்டுவதைத் தடை செய்ய வேண்டும். செலவு முழுவதையும் கசியவிட்டவரே ஏற்க வேண்டும். இதைச் செய்தால், எண்ணெய்க் கறை படிந்த நிலம் ஒரு சென்ட்கூட அடுத்த தலைமுறைக்கு மிஞ்சாது. நுண்ணுயிர்கள் வேலைக்குத் தயாராக இருக்கின்றன. அவற்றுக்கு மூச்சுவிட வழி செய்ய வேண்டியது அரசு.