பேரத்தில் விடுபட்ட மலை

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கு,

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். கோடை விழா பற்றியோ, கொண்டை ஊசி வளைவுகள் பற்றியோ அல்ல. 1935 முதல் நிலுவையில் கிடக்கும் ஒரு விஷயம் பற்றி.

அந்த ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 215 இடங்கள். வணிகம், தொழில், சுரங்கம், தோட்டம் என்ற வகைக்கு 6, நிலவுடைமையாளர்களுக்கு 6, பழங்குடிகளுக்கும் பின்தங்கிய பகுதிகளுக்கும் மாகாணம் முழுமைக்கும் சேர்த்து 1. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரைக்குக் குரல் கொடுக்க ஆள் இருந்தது. அடுத்த குன்றில் சாமை விதைத்த மலையாளிப் பழங்குடிக்கு யார் இருந்தார்கள்?

  

அதே சட்டத்தின் கீழ் 1936-ல் மாகாணச் சட்டங்கள் தாமாகப் பொருந்தாமல் ஆளுநரின் பொறுப்பில் விடப்பட்ட ‘விலக்கப்பட்ட’, ‘பகுதி விலக்கப்பட்ட’ பகுதிகளின் பட்டியல் வந்தது. கோதாவரி, விசாகப்பட்டினம் ஏஜென்சி மலைகள் அதில் உண்டு; ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை இல்லை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். வடக்கே மலைக்காரர்கள் கலகம் செய்தார்கள். அதனால் 1839-லேயே விசாகப்பட்டினம் பக்கம் ‘ஏஜென்சி’ என்ற தனி நிர்வாகம் வந்தது. பிறகு கோதாவரி மலைகளில் ரம்பாக் கலகங்களும் நடந்தன. எங்கள் மலையில் துப்பாக்கி வெடிக்கவில்லை. சும்மா இருந்ததற்குக் கிடைத்த பரிசு இது என்பது என் எண்ணம்.

ஆட்சி கைமாறும் நேரத்தில் இதைச் சரிசெய்திருக்கலாம். 1947-ல் அரசியல் நிர்ணய சபையில் பட்டேலின் ஆலோசனைக் குழுவின் கீழ் தக்கர் பாபா தலைமையில் ஒரு துணைக்குழு அமைந்தது. அதன் பெயரிலேயே ‘விலக்கப்பட்ட பகுதிகள்’ என்றுதான் இருந்தது; வெள்ளைக்காரன் போட்ட பட்டியல்தான் தொடக்கம். 1950-ல் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையின்படி பழங்குடிகளுக்கான பட்டியல் பகுதிகள் அறிவிக்கப்பட்டபோதும் சேர்வராயன் இல்லை. 1953-ல் ஆந்திரம் பிரிந்தது. ஏஜென்சி மலைகள் அதோடு போயின. இன்று 10 மாநிலங்களில் பட்டியல் பகுதிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒரு சென்ட் கூடக் கிடையாது.

அன்றைய விலக்கு வெறும் ஆளுநர் தயவு. காங்கிரஸ்காரர்கள் அதை எதிர்த்ததில் நியாயம் உண்டு. ஆனால் 1996-ல் பஞ்சாயத்து முறையைப் பட்டியல் பகுதிகளுக்கு விரிவாக்கிய பெசா சட்டம் வந்தபிறகு கதையே வேறு. பட்டியல் பகுதியில் ஒவ்வொரு குக்கிராமமும் தனிக் கிராம சபை கூட்டலாம். நிலம் எடுக்கும் முன் அந்தச் சபையையோ உரிய பஞ்சாயத்தையோ கலந்தாக வேண்டும். கைமாறிப்போன பழங்குடி நிலத்தை மீட்க அதற்கு அதிகாரம் தர வேண்டும். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இந்த மலையைத் தோண்டிப் பாக்சைட் எடுத்தபோது அப்படியொரு சபை எங்களுக்கு இல்லை.

இப்போது இருக்கும் கிராம சபையையும் பாருங்கள். அது கூடும் ஜனவரி 26 அன்று காப்பிப் பழம் சிவந்து நிற்கும். கூடையை இறக்கி வைத்துவிட்டு வருபவர் சிலர்தான். பல ஊருக்கு ஒரே கூட்டம். மேட்டு ஊர்க்காரர் நடந்து வந்து சேர்வதற்குள் கையெழுத்து நோட்டு மூடியிருக்கும்.

ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதுதானே என்று அதிகாரிகள் சொல்வார்கள். ஒரு எம்.எல்.ஏ. கோட்டையில் பேசுவதும், ஊர் தன் நிலத்தைப் பற்றித் தானே முடிவெடுப்பதும் ஒன்றாகிவிடாது.

பட்டியல் பகுதியை அறிவிப்பவர் குடியரசுத் தலைவர் என்பது தெரியும். ஆனால் முன்மொழிவு உங்கள் அரசிடமிருந்து போக வேண்டும். முழுத் தாலுகாவையும் கேட்கவில்லை. ஏற்காடு டவுனை விட்டுவிடலாம். மலையாளிகள் பெரும்பான்மையாக வாழும் வருவாய்க் கிராமங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டால் போதும். வேறு மாநிலங்களில் கிராமவாரியாக அறிவித்த முன்னுதாரணம் உண்டு. பழங்குடியினர் ஆலோசனைக் குழு நம் மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக வையுங்கள். கூட்டத்தை ஏற்காட்டிலேயே நடத்தினால் இன்னும் நல்லது. காப்பிப் பறிப்பு முடிந்த மார்ச்சில் வாருங்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டு வாசி ஒருவர்