கரி எருவாகுமா?

கரி தூவிய நிலத்துக்கு எரு வேண்டியதில்லையென்று சிலர் கூறுகின்றனர், இது தவறாகும். பருத்திமார், சீமைக்கருவேல் விறகு முதலியவற்றை மூட்டமிட்டுப் பெறும் கரியின் நுண்துளைகளில் ஈரம் தங்கும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் குடியேறும். ஆயினும் அவற்றிற்கு ஆகாரமாவது சாணமும் தழையுமே; கரியில் அவை உண்ணத்தக்க பகுதி சொற்பம். வெறுங்கரி அம்மோனியாச் சத்தையும், நுண்ணுயிர்கள் சுரக்கும் நொதிகளையும் தன்மேல் பற்றிக்கொள்வதுமுண்டு. ஆதலால் யூரியேஸ், பாஸ்படேஸ் முதலிய நொதிகளின் வேலை ஒரு நிலத்தில் கூடுவதும் மற்றொன்றில் குறைவதும் காணப்படும்.

மேலும், கரியோடு கலந்த சாம்பல் காரமுடையது. புளிப்பு மண்ணுக்கு அது நன்மை, களர் மண்ணுக்குக் கேடு. ஆகையால் எருவுக்குப் பதிலாகக் கரிமூட்டை வாங்குதல் வீண்செலவு. குடியானவர்கள் வயலில் வீணாகும் மாரைக் கரியாக்கித் தூள்செய்து, எருக்குழியில் சாணத்தோடும் மாட்டுமூத்திரத்தோடும் மட்கவிட்டு, முதலில் ஒரு பாத்தியில் மட்டும் இட்டு, கரியிடாத பாத்தியோடு ஒப்பிட்டறிந்து கொள்வார்களாக.