வெள்ளோட்டத்தில் ஒரு வழிகாட்டி



புதுத் தேரைச் செய்து முடித்தவுடன் அதைத் திருவிழா நாளன்றே தெருவிற்குக் கொண்டுவருவார் எவருமிலர். விழாவிற்கு முன்னரே ஒரு நாள், திருவுருவத்தை ஏற்றாமல், வெறுந்தேராக இழுத்துப் பார்ப்பர். அச்சு முனகுகின்றதா, சக்கரம் சாய்கின்றதா, குறுகிய தெருமுனையில் திரும்புமா என்று தச்சரும் ஊராரும் கூர்ந்து நோக்குவர். இதற்கு வெள்ளோட்டம் என்று நம் முன்னோர் பெயரிட்டனர். கணிப்பொறி வல்லுநர் இதனையே 'பீட்டா' என்கின்றனர். கிரேக்க நெடுங்கணக்கில் ஆல்ஃபாவிற்கு அடுத்த எழுத்து அது. ஆக்கியோர் தமக்குள் செய்து பார்க்கும் சோதனை முதலாவது. பொதுமக்களுள் சிலரிடம் கொடுத்துச் செய்து பார்க்கும் சோதனை இரண்டாவது.

சென்ற மாதம் அத்தகைய வெள்ளோட்டம் ஒன்றில் நாமும் பங்குபெற நேர்ந்தது. பெங்களூரில் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், விடுமுறையில் வந்திருந்தபோது, வழிகாட்டும் வரைபடச் செயலி ஒன்றை நமது கைபேசியில் ஏற்றித் தந்தார். "சாமி, இது இன்னும் சோதனைப் பதிப்புதான். நீங்கள் கொல்லிமலைக்கு அடிக்கடி போகிறீர்களே, அங்கே இதைப் போட்டுப் பார்த்து நிறைகுறை சொல்லுங்கள்" என்றார். செயலியின் பெயரை இங்கு நாம் கூறப்போவதில்லை. முழுமை பெறாத ஒன்றைப் பெயர் சொல்லி இகழ்வதும் முறையன்று, புகழ்வதும் முறையன்று. ஆயினும் அதனை எடைபோட்டபோது நாம் கற்ற பாடம் எல்லாக் குடும்பங்களுக்கும் உரியது. ஆகவே இம்மாதம் அதனையே எழுதுகின்றோம்.

நில அளவைக்கும் தமிழ்நாட்டிற்கும் பழந்தொடர்பு உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி, நாம் நன்கறிந்த பரங்கிமலைக்கருகே, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளந்தார். அக்கோட்டில் தொடங்கி, முக்கோணத்திற்கு மேல் முக்கோணமாகக் கட்டியே, இமயம் வரை இந்திய நாடு அளக்கப்பட்டது. வெயிலிலும் மழையிலும் கருவிகளைச் சுமந்து, மலையுச்சிகளில் ஏறி, பல்லாண்டுகள் உழைத்தே அப்பணியைச் செய்தனர்.

இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைபேசி, நாம் நிற்குமிடத்தைச் சில நொடிகளில் கூறிவிடுகின்றது. எவ்வாறு? வானில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாது ஒலிபரப்புகின்றன. குறைந்தது 4 கோள்களின் அலைகள் கிடைத்தால், அவை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கைபேசி தன் இடத்தைக் கணித்துக்கொள்ளும். அமெரிக்க நாட்டின் ஜி.பி.எஸ். இவ்வகையில் முன்னோடி. நம் நாட்டு இஸ்ரோவும் 2013 முதல் 2016 வரை 7 கோள்களை ஏவி, 'நாவிக்' என்ற அமைப்பை நிறுவியது.

இங்கு ஒன்றை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். நாம் எங்கே நிற்கின்றோம் என்பதைத்தான் செயற்கைக்கோள் கூறும். எங்கே பாதை உண்டு, அப்பாதை வண்டிக்குரியதா காலடிக்குரியதா, அங்குள்ள ஊரின் பெயர் யாது என்பவற்றை மனிதர் யாரேனும் எழுதி வைத்தாலன்றி வரைபடம் அறியாது. இவ்வேறுபாட்டின் பொருளை நாம் கொல்லிமலையிலே கண்கூடாகக் கண்டோம்.

வளப்பூர் நாட்டில் நோயுற்றிருந்த முதியவர் ஒருவரைக் காண்பதற்காக நாமக்கல்லிலிருந்து புறப்பட்டோம். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம் வரை செயலி ஒரு குறையுமின்றி வழி கூறிற்று. அதன்பின் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒன்றுவிடாமல் திரையில் வளைத்து வளைத்துக் காட்டியது. வண்டி ஓட்டிய தம்பி வியந்து பாராட்டினார். நாமும் பாராட்டினோம். ஆனால் சென்று சேரும் நேரத்தை அது சமவெளிக் கணக்கிலேயே கூறிக்கொண்டிருந்தது. எதிரே பேருந்து வந்தால் வளைவில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை.

செம்மேட்டைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும் கைபேசிக்கு அலைவரிசை அற்றது. நாம் நிற்குமிடத்தைக் காட்டும் நீலப் புள்ளி மட்டும் திரையில் நகர்ந்தது, சுற்றிலும் வெறுமை. செயற்கைக்கோளின் அலையைப் பெறக் கைபேசிக் கோபுரம் தேவையில்லை. வரைபடத்தை இறக்கிக்கொள்ளத்தான் தேவை. முன்னரே இறக்கி வைத்திருந்தால் இத்தொல்லை நேர்ந்திராது. அது நமது கவனக்குறைவேயாதலால், செயலியின்மேல் பழி சுமத்தமாட்டோம்.

அலைவரிசை மீண்டதும் 'வளப்பூர் நாடு' என்று எழுதித் தேடினோம். ஒரு வயலின் நடுவே புள்ளி வைத்து, அதுவே நாம் சேர வேண்டிய இடம் என்றது. வாசகர்களே, கொல்லிமலையில் 'நாடு' என்பது ஒற்றை ஊரன்று. வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்பன போல, வளப்பூர் நாடும் மேடுகளிலும் பள்ளங்களிலும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் பலவற்றின் தொகுதி. அதற்கு ஒரு புள்ளி வைப்பது, ஒரு குடும்பம் முழுவதற்கும் ஒரே சட்டை தைப்பது போன்றதாகும். அதே வளப்பூர் நாட்டிலுள்ள அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாயகங்கை அருவியையும் செயலி மிக நன்றாக அறிந்திருந்தது. படங்களும் உண்டு, வண்டி நிறுத்துமிடமும் உண்டு. முதியவர் வாழும் சிற்றூரின் பெயரைக் கேட்டபோதோ, அப்படியோர் இடமே இல்லை என்றது. காண வருவோரின் வழியை அது கற்றிருக்கின்றது. அங்கேயே வாழ்வோரின் வழியை இன்னும் கற்கவில்லை.

கடைசியாக நிகழ்ந்ததே நம்மைச் சிந்திக்க வைத்தது. ஒரு பிரிவில், "இடப்புறம் திரும்புக" என்று அது உறுதியான குரலில் கூறிற்று. திரையில் தார்ச்சாலைக்கும் அந்த இடப்புறப் பாதைக்கும் ஒரே நிறம், ஒரே தடிப்பு. தம்பி வண்டியைத் திருப்பப் போகும் வேளையில், குச்சிக்கிழங்கு மூட்டையைத் தலையில் சுமந்து வந்த அம்மையார் ஒருவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அது ஆளு எறங்குற தடம் சாமி. ஜீப்பே போவாது. கீழே ஓடைதான். போன மழைக்குப் பாதித் தடம் போயிருச்சு" என்றார். இறங்கிச் சென்று பார்த்தோம். முப்பது அடி தள்ளி, பாதை சரிந்து கிடந்தது. இரவாக இருந்திருந்தால் இக்கட்டுரையை எழுத நாம் இருந்திருப்போமா என்பது ஐயமே.

முதியவரின் இல்லத்தில் இதைக் கூறியபோது, அவருடைய மகன் வியப்படையவில்லை. சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு அவர் மனைவிக்குப் பேறுகால வலி கண்டது. அலைவரிசை கிட்டும் மேட்டிற்கு ஓடி, 108 ஊர்தியை அழைத்தார். ஊர்தி ஓட்டுநர் இடம் கேட்டார். சொல்லுவதற்கு வரைபடத்தில் ஊர்ப்பெயர் இல்லை. ஆகவே மகன், "நான் டார்ச் விளக்கோடு சாலைப் பிரிவில் நிற்கிறேன், வெளிச்சத்தைப் பார்த்து நிறுத்துங்கள்" என்றாராம். மழையில் நெடுநேரம் விளக்கை ஆட்டிக்கொண்டு நின்றார். ஊர்தி வந்தது, தாயும் சேயும் பிழைத்தனர். நாம் பேசிக்கொண்டிருந்தபோது அக்குழந்தை பாயில் தவழ்ந்துகொண்டிருந்தது. அந்த டார்ச் விளக்கு கதவருகே ஆணியில் தொங்கியது.

இனி நமது தீர்ப்பைக் கூறுவோம். குருமடத்தில் தர்க்கம் பயின்ற நாளில், அறியாமை வேறு, பிழை வேறு என்று நமக்குக் கற்பித்தனர். அறியாமை என்பது தெரியாமலிருத்தல். பிழை என்பது தெரியாததைத் தெரிந்ததாகத் தீர்ப்பிடுதல். சிற்றூரின் பெயர் தெரியாதிருந்தது இச்செயலியின் அறியாமை. சோதனைப் பதிப்பில் அது மன்னிக்கத்தக்கது. ஆனால் சரிந்த ஒற்றையடித் தடத்தைத் தார்ச்சாலையைப் போலவே வரைந்து, அதே உறுதியான குரலில் "திரும்புக" என்றது பிழை. "இப்பாதையைப் பற்றி எனக்கு உறுதியில்லை, அருகிலுள்ளோரைக் கேட்டுச் செல்க" என்று ஒரு சொல் கூறியிருப்பின், அதனை நாம் மிக நல்ல செயலி என்றே மெச்சியிருப்போம். ஆகவே, ஒரு வழிகாட்டியை எடைபோடுவோர் அதற்கு எவ்வளவு தெரியும் என்பதை இரண்டாவதாகவே கேட்க வேண்டும். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகின்றதா என்பதே முதற்கேள்வி.

இது கொல்லிமலைக்கு மட்டும் உரிய குறையன்று. 2012 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் புதிய வரைபடத்தை வெளியிட்டது. சோதனைப் பதிப்பு என்ற முத்திரையின்றியே அது வந்தது. பிழைகள் மலிந்திருந்தமையால், அந்நிறுவனத்தின் தலைவர் டிம் குக் அதே மாதம் 28ஆம் நாள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சீராகும்வரை பிறருடைய வரைபடங்களைப் பயன்படுத்தலாம் என்றும் கூறினார். டிசம்பரில் ஆஸ்திரேலியாவில், மில்டூரா நகரை நாடிச் சென்றோரை அவ்வரைபடம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளி, நீரற்ற வனப் பூங்கா ஒன்றிற்குள் கொண்டுபோய் விட்டது. காவல் துறையினர் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில், 2024 ஜனவரியில் செயலியைப் பின்தொடர்ந்த கார் ஒன்று குடியிருப்பின் படிக்கட்டுகளில் இறங்கி நின்றது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தால் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்திலிருந்து கார் விழுந்து 3 பேர் மாண்டனர். அவர்கள் வழிகாட்டும் செயலியை நம்பிச் சென்றதாகச் செய்திகள் கூறின. பாலத்தின் முகப்பில் தடுப்பு வைக்காத மனிதரின் பொறுப்பும் அங்கு இல்லாமலில்லை.

அவ்வாறாயின் இத்தகைய செயலிகளை ஒதுக்கிவிடலாமா? கூடாது. 2010 ஜனவரி 12ஆம் நாள் ஹைத்தி நாட்டில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது, அதன் தலைநகருக்குச் செம்மையான தெரு வரைபடம் இல்லை. எவரும் திருத்தக்கூடிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்ற பொது வரைபடத்தில், பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துத் தெருத்தெருவாக வரைந்து சேர்த்தனர். மீட்புப் பணியாளர் அதனைக் கைக்கொண்டு சென்றனர். அறிந்தோர் எழுதி வைத்தால், அறியாதோர் உயிரைக் காக்க முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஊர் திரும்பியதும் நிறைகுறைகளை வரிசையாக எழுதி அவ்விளைஞருக்கு அனுப்பினோம். அவர் தொலைபேசியில் அழைத்தார். "சாமி, பெங்களூரில் இதைச் சோதிப்பவர்கள் நிறையப் பேர். மலையில் சோதித்தவர், எனக்குத் தெரிந்து, நீங்கள் ஒருவர்தான்" என்றார். தேரை அகன்ற தெருவில் மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டுக் குறுகிய முனையை மறந்த கதைதான் இது. இதில் ஆக்குவோரின் குறை பாதி. முனைவீட்டார் வாய் திறந்து சொல்லாத குறை மறுபாதி.

எனவே நம் குடும்பங்களுக்கு நான்கு சொற்கள்:

ஒன்று: மலைக்கோ காட்டுவழிக்கோ புறப்படுமுன், அலைவரிசை உள்ள இடத்திலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: சோதனைப் பதிப்பை மட்டும் நம்பி இரவிலும் மழையிலும் அறியாத வழியில் செல்லாதீர்கள். வெள்ளோட்டத் தேரில் எவரும் குழந்தையை ஏற்றி அமர்த்துவதில்லை அன்றோ?

மூன்று: திரை ஒன்றும் ஊரார் மற்றொன்றும் கூறினால், வண்டியை நிறுத்தி ஊராரைக் கேளுங்கள். சென்ற மழையில் நடந்ததை அவர்கள் அறிவார்கள்.

நான்கு: பிழை கண்டால் முணுமுணுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். திருத்தம் தெரிவிக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் உண்டு. கண்ணால் கண்டதை மட்டும், ஊரார் வழங்கும் பெயரிலேயே எழுதுங்கள். பிறர் வீட்டை அவர்தம் இசைவின்றிக் குறிக்காதீர்கள். கைபேசி பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் இல்லாத வீடு இன்று அரிது. விடுமுறையில் அவர்களுக்கு இது நல்ல வேலை.

வளப்பூர் நாட்டிலிருந்து புறப்படும் முன்னர் அம்முதியவரின் மகனோடு சாலைப் பிரிவு வரை நடந்தோம். அன்றிரவு தாம் விளக்கேந்தி நின்ற இடத்தை அவரே தம் விரலால் திரையில் தொட்டுக் குறித்தார். சிற்றூரின் பெயரைத் தமிழில் எழுதினார். சரிந்த தடத்தைக் காட்டி, 'வண்டி செல்லாது' என்று சேர்த்தார். தந்தையாரைக் கேட்ட பின்னரே வீட்டையும் குறித்தார். நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவர், பொறியாளர் பலர் வரைந்த படத்தைத் திருத்தியதை நாம் மகிழ்ச்சியோடு பார்த்து நின்றோம்.

அத்திருத்தம் ஏற்கப்பட்டதா என்ற செய்தி இதனை எழுதும்வரை வரவில்லை. வரும் என்று நம்புகின்றோம். அதுவரை அந்த டார்ச் விளக்கு அதே ஆணியில் தொங்கட்டும். வந்த பிறகும் தொங்கட்டும்.